எதிரியைப் பார்

யாழ்ப்பாணத்து நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ‘எதிரி’ என்று பெயர். முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி, எதிரிக் கூண்டு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அப்பா ஊரில் நீதிமன்ற எழுதுவினைஞராக இருந்தவர். இரவு புட்டுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்து “இண்டைக்கு எதிரி நிண்டு அழுதுபோட்டான்” என்று சொல்வார். யாருக்கு எதிரி என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. சட்டி, பானை போல அதுவும் வீட்டில் புழங்கிய ஒரு சொல்.

2011 இலையுதிர் காலத்தில் ரொறன்ரோவில் ஒரு நீதிமன்றத்தில், சாட்சி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நான் தனியாக நின்றேன். ஜூரராக, அதாவது எதிரி குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கும் பன்னிரண்டு பொதுமக்களில் ஒருவராக, என்னை எடுக்கலாமா என்று பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். எழுத்தர் பெண்மணி ஒரு பழைய வாசகத்தைச் சொன்னார். “ஜூரர், குற்றம் சாட்டப்பட்டவரைப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவரே, ஜூரரைப் பாருங்கள்.” அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு அது அப்பாவின் குரலில் கேட்டது: எதிரியைப் பார்.

பார்த்தேன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். கறுப்பினப் பையன். போட்டிருந்த சாம்பல் நிறக் கோட் அவனுக்கு ஒரு அளவு பெரிது, தோளில் நிற்கவில்லை. அவனும் என்னைப் பார்த்தான்.

அதற்கு இரண்டு நிமிடத்துக்கு முன்னர்தான் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். போன மாதம் மகளுக்கு ஜூரிக் கடிதம் வந்தது. இனியும் தள்ளிப்போட முடியாது.

முதலில், தெரியாதவர்களுக்காக. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் ஜூரிப் பெயர்களை அந்தக் காலத்தில் சொத்து மதிப்பீட்டுக்கு எடுக்கும் குடியிருப்போர் கணக்கிலிருந்து எடுப்பார்கள். இப்போது ஹெல்த் கார்ட் (அரசாங்க மருத்துவக் காப்புறுதி அட்டை) பட்டியலிலிருந்து எடுக்கிறார்கள். கனடாக் குடியுரிமை இருக்க வேண்டும். முதலில் ஒரு வினாப்படிவம் வரும். அதை நிரப்பி அனுப்பினால், சிலருக்குப் பிறகு அழைப்பாணை வரும். போகாமல் இருக்க முடியாது. நான் போனபோது முதல் 10 நாளுக்கு ஒரு சதமும் இல்லை. 11ஆம் நாளிலிருந்து 49ஆம் நாள் வரை நாளுக்கு 40 டொலர், 50ஆம் நாளிலிருந்து 100 டொலர். மணித்தியாலக் கூலிக்கு வேலை செய்பவர்கள் இதைக் கேட்டதும் முகம் வெளிறிப் போவதை நான் அந்த மண்டபத்தில் பார்த்தேன். “பிள்ளையைப் பார்க்க ஆளில்லை”, “வேலை போய்விடும்” என்று ஒவ்வொருவராக நீதிபதியிடம் சொல்லி வெளியே போனார்கள். கடைசியில் மிஞ்சி நின்றவர்களில் பாதிப்பேர் ஓய்வுபெற்றவர்களும் அரசாங்க வேலைக்காரரும். இனச்சார்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னாலேயே அந்த மண்டபம் அப்படி ஒருதரம் சலிக்கப்பட்டு விடுகிறது. இதைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை.

எனக்கு அப்போது ஒரு கணக்காளர் அலுவலகத்தில் நிரந்தர வேலை. சம்பளத்தோடு அனுப்பினார்கள். அதனால் மிஞ்சினேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் பெட்டியிலிருந்து என் இலக்கத்தை எடுத்தார்கள். துப்பாக்கி முனையில் கொள்ளை என்பது வழக்கு. மற்றவர்களை வெளியே நிறுத்திவிட்டு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள், ஒருவர் சொல்லும் பதிலை அடுத்தவர் கேட்டுப் பழகாமல் இருக்க. உள்ளே போனதும் எதிரித்தரப்புச் சட்டத்தரணி ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி: “நீதிபதி சொல்வதைப் போல, ஒரு ஜூரர் சாட்சியங்களைப் பக்கச்சார்பு இல்லாமல் எடைபோட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு கறுப்பினத்தவர் என்பது, அப்படி எடைபோடும் உங்கள் திறனைப் பாதிக்குமா?”

“இல்லை” என்றேன்.

அவர் வாசித்து முடித்ததற்கும் நான் இல்லை என்றதற்கும் இடையில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இருக்கவில்லை. வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை கை தூக்குவது போலச் சொன்னேன். அந்த வேகம்தான் பிறகு என்னை விடவில்லை.

இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1993 வரை இப்படிக் கேட்க நீதிபதிகள் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஜூரராக வந்து சத்தியம் செய்தவர் நேர்மையாகத்தான் நடப்பார் என்பது சட்டத்தின் முற்கோள். அதைக் கேள்வி கேட்பது அவரை அவமதிப்பது போல. கார்ல்ட்டன் பார்க்ஸ் என்ற ஜமேய்க்காவிலிருந்து வந்த கறுப்பினத்தவர் ரொறன்ரோவில் ஒரு வெள்ளையரைக் கொன்றதாக வழக்கு. (தூக்கத்தில் நடந்துபோய்க் கொலை செய்த வேறொரு பார்க்ஸ் வழக்கும் உண்டு, அது 1992. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) எதிரி ஒரு கறுப்பின ஜமேய்க்கக் குடிவரவாளர், இறந்தவர் வெள்ளையர் என்பது உங்களைப் பாதிக்குமா என்று ஜூரர்களிடம் கேட்க வேண்டும் என்று சட்டத்தரணி கேட்டார். நீதிபதி மறுத்துவிட்டார். பார்க்ஸ், கொலையைவிடக் குறைந்த குற்றமான கைமோசக் கொலைக்குக் குற்றவாளியாகக் காணப்பட்டார். வழக்கு ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது.

அங்கே நீதிபதி டேவிட் டோஹர்ட்டி எழுதிய தீர்ப்பை நான் மூன்று தடவை வாசித்திருக்கிறேன். நான் சட்டம் படித்தவள் இல்லை. ஆனாலும் அதில் ஒரு வசனத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தது போல ஞாபகம். இனவெறி, குறிப்பாகக் கறுப்பருக்கு எதிரான இனவெறி, எங்கள் சமூகத்தின் மனத்தில் ஒரு பாகம் என்று அவர் எழுதுகிறார். கணிசமான பேர் அதை வெளிப்படையாகவே வைத்திருக்கிறார்கள், அதைவிடப் பெரிய கூட்டம் தன்னை அறியாமலேயே அந்த எண்ணங்களின்படி நடக்கிறது என்கிறார். ‘எங்கள்’ சமூகம் என்கிறார், ‘சிலர்’ என்று தள்ளிவைக்கவில்லை. ஒரு நீதிமன்றம் தன் நாட்டைப் பற்றி இப்படி எழுதும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. நான் வந்த நாட்டில் நீதிமன்றம் அப்படி எழுதி நான் வாசித்ததில்லை.

பார்க்ஸுக்குப் புதிய விசாரணை கிடைத்தது. அந்தக் கேள்விக்கும் ‘பார்க்ஸ் கேள்வி’ என்று பெயர் வந்துவிட்டது.

ஐந்து வருடம் கழித்து, 1998இல், விக்டர் வில்லியம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நாடு முழுவதற்கும் ஆக்கியது. வில்லியம்ஸ் பூர்வகுடியைச் சேர்ந்தவர். பிரிட்டிஷ் கொலம்பியாவில், விக்டோரியா நகரில் ஒரு பீட்சாக் கடையைக் கொள்ளையடித்தார் என்று வழக்கு. ‘கொள்ளை நடந்தது உண்மை, ஆனால் செய்தது நான் இல்லை, வேறு யாரோ’ என்பது அவருடைய வாதம். முதல் விசாரணை இடையில் குழம்பி நின்றது. இரண்டாம் விசாரணையில் இருந்த நீதிபதி, பூர்வகுடியினருக்கு எதிரான முற்சாய்வு ஊரில் பரவலாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் அது ஜூரர்களின் தீர்ப்பில் வந்து புகும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு, கேள்வியை அனுமதிக்கவில்லை.

இந்த இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘செய்தது யார்’ என்பது மட்டுமே கேள்வியாக இருக்கும் ஒரு கொள்ளை வழக்கில் இனம் எங்கே வருகிறது என்று மேலோட்டமாகப் பார்த்தால் தோன்றும். நீதிபதி பெவர்லி மக்லாக்லின் (பிறகு தலைமை நீதியரசர் ஆனவர்) ஒன்பது பேர் சார்பாகவும் எழுதிய தீர்ப்பில் இதைத்தான் பிரித்துக் காட்டுகிறார். ஒரு சாட்சி தடுமாறிச் சொன்னால் அதைப் பயம் என்று எடுப்பதா, பொய் என்று எடுப்பதா? ‘நான் இல்லை’ என்று ஒருவர் சொன்னால் அதை நம்பலாமா? இரண்டு விதமாகவும் பொருள் கொள்ளக்கூடிய ஒரு சாட்சியம் எந்தப் பக்கம் சரிகிறது? இப்படியான சின்னச் சின்ன இடங்களில்தான் முற்சாய்வு வேலை செய்கிறது. மனத்தின் ஆழத்தில் கிடக்கும் எண்ணங்களைக் கழற்றி வெளியில் வைத்துவிட்டு வா என்று ஒருவருக்குச் சொல்ல முடியாது என்கிறார். நீதிபதி சொன்னதும் இனவெறி உள்ளவர்கள் எல்லோரும் அதை அழித்துவிடுவார்கள் என்று நினைப்பது, அது எவ்வளவு நைசாக உள்ளே நுழைந்திருக்கிறது என்பதைக் குறைத்து மதிப்பிடுவது. ஆகவே சமூகத்தில் அந்த முற்சாய்வு பரவலாக இருக்கிறது என்று காட்டினாலே, கேள்வி கேட்க விட வேண்டும்.

அதே 1998இல் ‘கோ’ என்ற வழக்கில் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம், கறுப்பினத்தவர் மட்டுமல்ல, வெள்ளையரல்லாத எந்தச் சிறுபான்மையினர் எதிரியாக நின்றாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்றது. அதாவது நாளைக்கு எங்கள் பிள்ளை ஒன்று அந்தக் கூண்டில் நின்றால், பன்னிரண்டு பேரிடமும் ‘இவர் ஒரு தெற்காசியர் என்பது உங்களைப் பாதிக்குமா’ என்று கேட்க முடியும். இந்த உரிமை சும்மா வரவில்லை. கறுப்பினத்தவர் ஒருவரும் பூர்வகுடியினர் ஒருவரும் தங்கள் வழக்குகளை மேலே வரை கொண்டுபோனதால் வந்தது. இதை எங்கள் ஆட்கள் மத்தியில் சொல்லும்போது சிலருக்குப் பிடிப்பதில்லை. ஏன் பிடிப்பதில்லை என்பதற்குத்தான் வருகிறேன்.

நாங்கள் முதலில் இருந்தது செயின்ட் ஜேம்ஸ் டவுனில். தொண்ணூறுகளில் ரொறன்ரோவுக்கு வந்த தமிழர்களில் பலபேர் அந்த உயர்மாடிகளில் ஒரு காலமாவது இருந்திருப்பார்கள். லிஃப்ட் ஒன்று வேலை செய்தால் மற்றது நிற்கும். எந்த நேரமும் கறித்தூள் வாசம். எங்கள் மாடியில் தமிழ்க் குடும்பங்கள், பிலிப்பீன்ஸ்காரர், சோமாலியர், ஜமேய்க்கர். அம்மா எல்லாரையும் பார்த்துச் சிரிப்பார், ‘ஹலோ’ சொல்வார். ஆனால் லிஃப்டில் ஒரு கறுப்பினப் பையன் ஏறினால், சிரித்துக்கொண்டே, கண்ணை அவனிடமிருந்து எடுக்காமலே, இரண்டு விரலால் தாலிக்கொடியைச் சட்டைக்குள் தள்ளிவிடுவார். ஒரு விநாடி வேலை. அவன் இறங்கியதும் கொடி மறுபடி வெளியே வரும்.

வீட்டுக்குள் கறுப்பினத்தவர்களைக் குறிக்க ஒரு சொல் இருந்தது. ரொறன்ரோவில் வளர்ந்த தமிழர்களுக்கு அது என்னவென்று தெரியும். காப்பிலி. அது வசை என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, வசை என்று நினைத்தும் சொல்லவில்லை. “கீழ் வீட்டுக் காப்பிலி நல்லவன்” என்று பாராட்டுக்கும் அதே சொல்தான். ‘எதிரி’ என்பதைப் போல அதுவும் வீட்டுச் சொல். சின்னம்மாவின் மகள் ஒரு கறுப்பினப் பையனை விரும்பியபோது அந்தச் சொல்லை வீட்டில் எல்லாரும் என்ன குரலில் சொன்னார்கள் என்பதை நான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு வாய் திறந்து நான் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குக் கல்யாணமாகி, எனக்கும் ஒரு கொடி வந்த பிறகு, ஒருநாள் லிஃப்டில் என் இரண்டு விரல் கழுத்துக்குப் போனதை நானே பார்த்தேன். யாரும் சொல்லித் தராமலே.

இப்படிப்பட்ட கைதான் அந்த நீதிமன்றத்தில் என்னோடு நின்றது. வாய் ‘இல்லை’ என்றது.

இந்தக் கேள்வியைக் கேலி செய்பவர்கள் உண்டு. ‘ஓம், எனக்குக் கறுப்பரைப் பிடிக்காது’ என்று ஒரு திறந்த மன்றத்தில், நீதிபதிக்கும் பொலிசுக்கும் முன்னால் யார் சொல்வார்கள்? உள்ளே இருப்பது தனக்கே தெரியாதவரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு என்ன பிரயோசனம்? நியாயமான கேள்விகள்தான். என்னையே எடுங்கள். என் பதிலைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அங்கே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் என்னைப்போல வந்த சாதாரணமானவர்கள்தான். 2019 வரை அப்படித்தான் வழக்கம். கூட்டத்திலிருந்து எடுத்த இருவர், அடுத்து வருபவர் பக்கச்சார்பற்றவரா என்று சொல்வார்கள். ஒருவர் தாடி வைத்த வயதானவர், மற்றவர் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த ஒரு பெண். என்னுடைய ஒற்றைச் சொல்லைக் கேட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். ‘ஏற்கலாம்’ என்றார் தாடிக்காரர். அவர்களுக்கு லிஃப்டைப் பற்றி என்ன தெரியும்?

இருந்தும் அந்தக் கேள்வி வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். காரணம், கனடாவில் ஜூரி அறைக் கதவு மூடினால் மூடியதுதான். உள்ளே என்ன பேசினார்கள் என்பதை வெளியே சொல்வது குற்றவியல் சட்டப்படி பெரும்பாலும் குற்றம். 2001இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த சாயர் என்ற வழக்கில், தீர்ப்புக்குப் பிறகு ஒரு ஜூரர் தானாகவே எதிரியைத் தொடர்புகொண்டு, மற்றவர்கள் தனக்கு நெருக்கடி கொடுத்ததாகவும் உள்ளே இனம் பற்றிய பேச்சுகள் வந்ததாகவும் சொல்லியிருந்தார். ஜூரி அறை இரகசியம் காக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் அந்தக் கதவைத் திறக்க மறுத்துவிட்டது.

அமெரிக்காவில் இதற்கு வேறு வழி எடுத்தார்கள். கொலராடோ மாநிலத்தில் பெஞ்ஞா-ரொட்ரிகஸ் என்பவருடைய வழக்கில், விசாரணை முடிந்து எல்லாரும் கலைந்தபோது இரண்டு ஜூரர்கள் பின்தங்கி நின்று, எதிரித்தரப்புச் சட்டத்தரணியிடம் ஒரு விஷயம் சொன்னார்கள். ஜூரர்களில் ஒருவர், முன்னாள் பொலிஸ்காரர், ‘இவன் மெக்சிகோக்காரன், அதனால்தான் செய்திருப்பான்’ என்ற பொருள்பட உள்ளே பேசினார் என்று. எதிரிக்காகச் சாட்சி சொன்னவரையும், சட்டவிரோதமாக வந்தவர் என்று சொல்லி நம்ப மறுத்திருக்கிறார். அந்தச் சாட்சி சட்டப்படி குடியிருப்பவர் என்று மன்றிலேயே சொல்லியிருந்தார். 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்ற கணக்கில், இனவெறி இவ்வளவு அப்பட்டமாக வெளிவந்தால் ஜூரி அறை இரகசியம் அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்த இரண்டு ஜூரர்களும் பின்தங்கி நிற்காமல் வீட்டுக்குப் போயிருந்தால் இது யாருக்கும் தெரிய வந்திருக்காது.

இங்கே அப்படிப் பின்தங்கி நிற்க ஒரு ஜூரருக்கு வழியில்லை. பிறகு கேட்க முடியாது என்றால், முன்னரே கேட்டுவிட வேண்டும். அந்த ஒரு கேள்வியைத் தவிர எங்களிடம் அதிகம் இல்லை.

2016 டிசம்பர் 24, நத்தாருக்கு முதல் நாள். நடராஜா ரவிராஜ் கொலை வழக்கில் கொழும்பிலிருந்து தீர்ப்பு வந்தது. யாழ்ப்பாணத்தின் முன்னாள் மேயர், நாடாளுமன்ற உறுப்பினர், சிங்களத்தில் நேரடியாகச் சிங்கள மக்களோடு பேசிய மனிதர். 2006 நவம்பர் 10ஆம் திகதி கொழும்பில் அவரையும் அவருடைய பாதுகாவலரான சிங்களப் பொலிஸ்காரரையும் சுட்டுக் கொன்றார்கள். பத்து வருடம் கழித்து வந்த விசாரணையில் எதிரிகள் ஜூரி வேண்டும் என்று கேட்டார்கள், சிங்களம் பேசும் விசேட ஜூரி சபை அமைக்கப்பட்டது. ஏழு பேர். நள்ளிரவுக்குப் பிறகு தீர்ப்பு: ஐந்து எதிரிகளும் விடுதலை. அதே வருடம் ஜூலையில்தான் குமாரபுரம் படுகொலை வழக்கிலும் அனுராதபுரத்தில் ஒரு ஜூரி ஆறு முன்னாள் இராணுவத்தினரை விடுதலை செய்திருந்தது.

அந்த ஏழு பேர் இனத்தைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் மனத்துக்குள் நான் போனதில்லை. சாட்சியங்கள் அவர்களுக்குப் போதாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்த தமிழர் ஒருவர்கூட அதை நம்பவில்லை. “சிங்கள யூரி வேற என்னத்தைச் சொல்லும்?” என்று அப்பா தொலைபேசியை வைத்தார். நாற்பது வருடம் நீதிமன்றத்தை மதித்து வாழ்ந்த மனிதர் அவர். அன்றைக்கு எனக்குப் பார்க்ஸ் கேள்விதான் ஞாபகத்துக்கு வந்தது. கொல்லப்பட்டவர் ஒரு தமிழ் அரசியல்வாதி, எதிரிகளில் கடற்படையினர் இருக்கிறார்கள், இது உங்கள் தீர்ப்பைப் பாதிக்குமா என்று அந்த ஏழு பேரின் முகத்தைப் பார்த்து யாராவது கேட்டு, அவர்கள் வாயைத் திறந்து ‘இல்லை’ என்று சொல்வதை ரவிராஜின் வீட்டார் கேட்டிருந்தால்? பதில் பொய்யாக இருந்தாலும், அந்தச் சந்தேகம் எங்களுடைய கற்பனை இல்லை என்பதையாவது நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதாக இருந்திருக்கும்.

சாம்பல் கோட் போட்ட பையனுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்? ஒவ்வொருவராக வந்து அவனுக்கு முன்னால் நிற்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அவனுடைய நிறத்தைச் சொல்லிக் கேட்கிறார்கள். அவன் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அது அவனுக்கு ஆறுதலா அவமானமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சரி, பிறகு நடந்ததைச் சொல்கிறேன். தாடிக்காரர் ‘ஏற்கலாம்’ என்ற பிறகுதான் எழுத்தர் அந்தப் பழைய வாசகத்தைச் சொன்னார். நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். அரச தரப்பு ‘சம்மதம்’ என்றது. பையன் தன் சட்டத்தரணியின் பக்கம் சரிந்து ஏதோ சொன்னான். சட்டத்தரணி எழுந்து ‘ஆட்சேபிக்கிறோம்’ என்றார். அவ்வளவுதான். நீதிபதி நன்றி சொன்னார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அப்போது இரண்டு தரப்புக்கும் காரணம் சொல்லாமலே ஆட்களைத் தள்ளும் உரிமை இருந்தது. வழக்கைப் பொறுத்து 4, 12, அல்லது 20 பேரை. முகத்தைப் பார்த்துப் பிடிக்காவிட்டால் போதும். சப்வேயில் வீட்டுக்கு வரும்போது, வேலைக்குத் திரும்பலாம் என்று மனம் லேசாகத்தான் இருந்தது. ப்ளூர் தாண்டியதும் அது மாறியது. அவன் என்னிடம் எதைக் கண்டான்? நான் அவனைப் பார்த்த அந்த விநாடியில் என் கை எங்கே இருந்தது? இன்றுவரை என்னால் ஞாபகப்படுத்த முடியவில்லை. கழுத்துக்குப் போயிருக்காது என்று நம்புகிறேன். சத்தியம் செய்யச் சொன்னால் செய்யமாட்டேன்.

அந்த உரிமை இப்போது இல்லை. 2016 ஆகஸ்டில் சஸ்காச்சுவான் மாகாணத்தில் கோல்ட்டன் பூஷி என்ற 22 வயதுக் கிரீ பூர்வகுடி இளைஞர் ஒரு பண்ணையில் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்ணைக்காரர் ஜெரால்ட் ஸ்டான்லி 2018 பெப்ரவரியில் விடுதலையானார். அந்த ஜூரியில் பார்த்தால் தெரியும்படி ஒரு பூர்வகுடியினரும் இருக்கவில்லை. காரணம் சொல்லாத ஆட்சேபணையால் அவர்களைத் தள்ளிவிட்டார்கள் என்று பூஷியின் குடும்பம் கொதித்தது. 2019 செப்டம்பர் 19ஆம் திகதியிலிருந்து அரசாங்கம் அந்த முறையை எடுத்துவிட்டது, இரண்டு சாதாரணமானவர்கள் தீர்மானிப்பதையும் எடுத்து, அதை நீதிபதியிடம் கொடுத்தது. அதே நாளில் ஜூரி தெரிவு நடக்கவிருந்த சவுஹான் என்பவர் இதை எதிர்த்துப் போனார். கறுப்பின, தெற்காசியச் சட்டத்தரணி அமைப்புகள் அவருடைய பக்கம் நின்று வாதாடின. வெள்ளை முகங்களாலேயே நிரம்பும் ஜூரியில் எங்கள் கட்சிக்காரர்களுக்கு இருந்த ஒரே பிடி அதுதான் என்றார்கள். உச்ச நீதிமன்றம் 2020இல் புதிய சட்டம் செல்லும் என்றது. 2021இல் எழுதிய காரணங்களில், பார்க்ஸ் கேள்வியை ஓம், இல்லை என்று முடித்துவிடாமல், வந்தவரைத் தன்னைப் பற்றியே கொஞ்சம் யோசிக்க வைப்பதாக விரிக்கலாம் என்றும், அறியாமல் வரும் சார்பைப் பற்றி நீதிபதி ஜூரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்றும் நீதிபதிகள் எழுதினார்கள். பூஷியின் குடும்பத்தின் கோபம் எனக்கு விளங்குகிறது. அந்தச் சட்டத்தரணிகளின் பயமும் விளங்குகிறது. என்னைக் கேட்டால், அந்தப் பையனுக்கு என்னை அனுப்பிவிட இருந்த உரிமை இன்றைக்கு இன்னொரு பையனுக்கு இல்லை என்பது எனக்கு நெருடலாகவே இருக்கிறது. அவன் சரியாகத்தான் கண்டானோ என்னவோ.

போன மாதம் மகள் அந்த வினாப்படிவத்தோடு குசினி மேசையில் உட்கார்ந்தாள். அம்மா எதிரில் இருந்து பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு எண்பத்தொன்று. அப்பா போய் நான்கு வருடமாகிறது.

“உள்ளுக்க போனா என்ன கேப்பாங்கள், அம்மா?” என்றாள் மகள்.

நான் சொன்னேன். அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். “என்னவாம்?” என்று என் அம்மா கேட்டார். அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. ‘எதிரி ஒரு…’ என்று தொடங்கினேன். வீட்டில் நாங்கள் சொல்லி வளர்ந்த சொல் நாக்கில் வந்து நின்றது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கறுப்பின ஆள் எண்டால், உங்கட தீர்ப்பு அதால மாறுமோ எண்டு கேப்பினம்” என்றேன்.

அம்மா ஒரு பயற்றங்காயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். நான் இல்லை என்று சொல்ல எடுத்த நேரத்தைப் போல பத்து மடங்கு நேரம்.

“என்னட்டைக் கேட்டால், கொஞ்சம் மாறும் எண்டுதான் சொல்லுவன்” என்றார்.

“அப்ப உங்கள எடுக்க மாட்டாங்கள், அம்மம்மா” என்றாள் மகள்.

“எடுக்காட்டிப் போகட்டும். ஆரோ பெத்த பிள்ளை எல்லே கூண்டுக்க நிக்கிறது” என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த காயை உடைத்தார்.